நான் பார்த்த வரைக்கும்

அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அகராதி. முகத்துக்கு நேரே சொன்னால் அது பாராட்டு: எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதற்கு ஈடாக ஏழு சொல்லை நாக்கு நுனியில் வைத்திருக்கிறாள் என்று பொருள். அவள் தண்ணீர் பிடிக்க எழுந்து போன பிறகு சொன்னால் பொருள் வேறு. அவளுக்கு இரண்டுமே தெரியும். இரண்டிலும் உள்ளூரப் பெருமைதான்.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் ஆறு பேருடைய மூச்சு. அங்கே நடக்கும் வேலையை வெளியே யாருக்கும் லேசில் புரியவைக்க முடியாது. ஏதோ ஒரு மென்பொருளுக்கு யாரோ ஒரு பத்தி விளம்பரம் எழுதியிருப்பார்கள். அதே பத்தியை நாற்பது இணையதளங்களில் போட்டால், நகல் என்று தேடுபொறி கீழே தள்ளிவிடும். ஆகவே நாற்பது பத்தி வேண்டும். விஷயம் அதேதான், வார்த்தைகள் மட்டும் வேறு. 'விரைவாக' என்பது ஒன்றில் 'நொடியில்' ஆகும், இன்னொன்றில் 'கண்மூடித் திறப்பதற்குள்' ஆகும். எழுதி முடித்ததைக் கணினியில் போட்டால், மூலத்தோடு நூற்றுக்கு எத்தனை ஒத்துப்போகிறது என்று காட்டும். இருபதைத் தாண்டினால் சிவப்பு. பெயர்களை மட்டும் தொடக்கூடாது. மென்பொருளின் பெயர், கம்பெனியின் பெயர் எல்லாவற்றுக்கும் முதலாளி முன்கூட்டியே மஞ்சள் பூசிக் கொடுத்துவிடுவார். மஞ்சள் பட்டதில் கை வைக்கிறவனுக்கு மறுநாள் நாற்காலி இருக்காது.

அகராதிக்கு நாற்பத்து மூன்று வயது. இதற்கு முன் பதினான்கு வருஷம் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்தினாள். அது மூடியதும் இங்கே வந்தாள். வந்த ஆறே மாதத்தில் மற்ற ஐந்து பேர் எழுதுவதைப் பார்த்து அனுப்பும் பொறுப்பும் அவள் கைக்கு வந்துவிட்டது. அவள் பார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போகாது.

மழைக்காலத்தில்தான் கண்ணிமை வந்தது. அது ஒரு செயலி. வீட்டில் உள்ளவர்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று நம் ஃபோனில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டும். அதை விற்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார். மழையிலும் வெள்ளை ஷூ போட்டிருந்ததால் அவருக்கு வெள்ளை ஷூ என்றே பெயர் விழுந்தது.

"பேர் கண்ணிமை. கண்ணை இமை காக்குற மாதிரி காக்கும்னு அர்த்தம்" என்றார். "கண்ணிமையை, கண்ணிமையால், கண்ணிமைக்குன்னு எல்லாம் எழுதாதீங்க. பேருக்கு வால் முளைக்கக் கூடாது."

"அப்ப 'கண்ணிமை செயலியை'ன்னு எழுதிடறோம். வால் செயலிக்கு முளைக்கட்டும்" என்றாள் அகராதி.

வெள்ளை ஷூ சிரித்துவிட்டு இன்னொரு தாளை எடுத்து வைத்தார். அது எழுதவே கூடாத சொற்களின் பட்டியல். வேவு, உளவு, ரகசியம், சந்தேகம், கணவன், மனைவி.

"மனைவின்னு எழுதினா என்ன தப்புங்க?" என்று கேட்டார் கவிஞர்.

"'அன்புக்குரியவர்'னு எழுதுங்க. யாருன்னு வாங்குறவனுக்குத் தெரியும்."

கவிஞர் அகராதிக்குப் பக்கத்து மேசை. ஐம்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் வாழ்த்து அட்டைகளுக்கு நான்கு வரிப் பாட்டு எழுதிப் பிழைத்தவர். இப்போது பார்வை கொஞ்சம் மங்கல். மாலையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் சரிபாதி எண்ணி அவள் பக்கம் தள்ளி வைப்பார். முதல் வாரத்தில் அவர் எழுதிய 'இமைக்காமல் காக்கும் இமை' என்ற வரியை முதலாளி எழுந்து நின்று உரக்கப் படித்தார். "இதான் சரக்கு" என்றார். அகராதியும் தலையாட்டினாள். அன்று மாலை பிஸ்கட் வேண்டாம், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் கவிஞர் தந்த நாற்பது பத்திகளில் பதினொன்றில் கண்ணிமை இருக்கவேண்டிய இடத்தில் 'விழிமடல்' என்று இருந்தது. பார்வை மங்கிய மனிதர், எழுதுகிற வேகத்தில் மஞ்சளையும் சேர்த்து மாற்றிவிட்டார். அகராதி அதைப் பார்த்தாள். முதல் பத்தியிலேயே பார்த்தாள். பதினோரு இடத்திலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு 'சரி' என்று குறியிட்டு அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து வெள்ளை ஷூ தொலைபேசியில் கத்தியது மூன்றாவது மேசை வரை கேட்டது. முதலாளி கவிஞரை எழுப்பி நிற்கவைத்துப் பேசினார். "கண்ணு தெரியலைன்னா வீட்ல உக்காருங்க. ஊர் உலகமெல்லாம் விழிமடல், விழிமடல்னு இருக்கு. யாருய்யா அது?" கவிஞர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலாளி அகராதி பக்கம் திரும்பினார். "நீங்க எப்படி மேடம் விட்டீங்க?"

"அன்னைக்கு இருநூறு பத்தி சார். அவர் அனுபவசாலியாச்சேன்னு மேலோட்டமா பாத்தேன். நம்பினது என் தப்புதான்."

அந்தக் கடைசி வாக்கியம் முதலாளிக்கு ரொம்பப் பிடித்தது. கவிஞர் தன் டம்ளரையும் தலையணை மாதிரி வைத்துக்கொள்ளும் துணியையும் பையில் போட்டுக்கொண்டார். படிக்கட்டில் அவளைப் பார்த்து, "நீங்க பாத்திருப்பீங்களேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"என் கண்ணுல படல சார்."

அவர் ஒவ்வொரு படியாகத் தடவி இறங்கிப் போனார். அந்த மேசையில் அடுத்த வாரமே வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அகராதியோடு அவள் தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். தம்பி பதினோரு வயது இளையவன், லிஃப்ட் மெக்கானிக். எங்காவது யாராவது நடு மாடியில் மாட்டிக்கொண்டால் இவன் ஃபோன்தான் அடிக்கும். தாய் தகப்பன் போன பிறகு அவனைத் தூக்கி நிறுத்தியது அக்காதான். அதை அவள் அடிக்கடி சொல்லிக்காட்டுவாள் என்பது வேறு விஷயம். இவளுக்கும் ஒரு காலத்தில் பேசி முடித்து, பெண் வாய்த்துடுக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிப் போனார்கள். அதன் பிறகு வீடு, தம்பி, வேலை என்று ஓடிவிட்டது. இரண்டு அறை. ஓர் அறை அவனுக்கு, ஓர் அறை இவளுக்கு. அடுப்படியில் இவள் ராஜ்ஜியம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். கருவிகளைக் கழுவி அடுக்குவது, வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களின் எச்சிலைக் குழாயால் உறிஞ்சுவது, பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். தம்பி அவளைச் சிரிப்பு என்றே கூப்பிட்டான். "சிரிப்பு, சாவி எங்க?" "சிரிப்பு, சட்டை காயலையா?" கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் வரும்போது அகராதி இந்தப் பக்கம் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள்.

சிரிப்பு அவளிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. தலைமுடிக்குச் சாயம் பூசிவிடுவாள். "அண்ணி, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று செய்தித்தாளை நீட்டிக் கேட்பாள். அப்படிக் கேட்பதே அகராதிக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட ஒரு சாக்குக்கூடக் கொடுக்காத பெண்.

ஒரே ஒரு விஷயம். வியாழக்கிழமைகளில் சிரிப்பு ஒரு மணி நேரம் தாமதமாக வருவாள். கேட்டால், "கூட்டம் அண்ணி" என்பாள். மற்ற நாளில் இல்லாத கூட்டம் வியாழக்கிழமை மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அகராதி எட்டு வாரம் எண்ணிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தாள்.

"எங்க ஆபீஸ்ல ஒரு செயலிக்கு எழுதறோம்டா. கண்ணிமைன்னு. வீட்ல இருக்கறவங்க எங்க இருக்காங்கன்னு காட்டும்."

"வேவு பாக்குறதா?"

"சேச்சே! என்ன பேச்சுடா அது? அக்கறை. ராத்திரி பகல்னு நீ எங்கெங்கயோ லிஃப்டுக்குள்ள தொங்கிட்டு இருக்க. அவ தனியா பஸ்ல வர்றா. எங்க வந்துட்டு இருக்கான்னு தெரிஞ்சா உனக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்."

"அவகிட்ட கேட்டுட்டுப் போடலாம்."

"கேட்டா, 'என்மேல நம்பிக்கை இல்லையா'ன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்குவா. எதுக்கு வீண் வருத்தம்? அது பாட்டுக்கு அமைதியா பின்னணியில ஓடும். தொந்தரவே இல்ல."

எல்லாமே அவள் அந்த மாதம் எழுதிய வரிகள். அக்கறை, நிம்மதி, அமைதியாக, பின்னணியில், தொந்தரவின்றி. எழுதி எழுதிப் பழகியதால் பேச்சில் தானாக வழிந்தன. தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தான். அவன் இயல்பில் சந்தேகக்காரன் இல்லை. யோசிக்கவைத்தால் யோசிப்பான், அவ்வளவுதான். சிரிப்பு குளிக்கப் போயிருந்த பத்து நிமிஷத்தில் அகராதியே அவள் ஃபோனில் அதை ஏற்றிக் கொடுத்தாள். நாள்காட்டி மாதிரி ஒரு படத்துக்குப் பின்னால் அது போய் ஒளிந்துகொண்டது.

அடுத்த வியாழக்கிழமை சிவப்புப் புள்ளி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஐந்து மாடிக் கட்டடத்தில் போய் நின்றது. ஐம்பது நிமிஷம் அசையவில்லை. பிறகு வீட்டுக்கு வந்தது.

"ரொம்ப கூட்டமா?" என்று தம்பி கேட்டான்.

"ஆமாங்க, இன்னைக்கு நாலு பேருக்குப் பல்லு புடுங்கினோம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவன் அக்கா அறைக்கு வந்து நின்றான். வரைபடம் கட்டடத்தைக் காட்டும், மாடியைக் காட்டாது. அந்தக் கட்டடத்தில் தரைத்தளத்தில் செருப்புக்கடை. முதல் மாடியில் கணினி வகுப்பு. இரண்டிலும் மூன்றிலும் லாட்ஜ். நான்காவது மாடியில் ஒரு கேக் கடை. மேலே காலி. அந்தக் கட்டடத்து லிஃப்டை வேறு கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது என்றாலும், பலகைகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். "லாட்ஜ் இருக்குக்கா அங்க" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அவசரப்படாத. அடுத்த வியாழக்கிழமை நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

போனாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செருப்புக்கடையில் ஏதோ விலை விசாரிப்பதுபோல் நின்றாள். சிரிப்பு வந்தாள். நேராக லிஃப்டுக்குள் போனாள். மேலே ஓடிய எண் இரண்டில் நிற்கவில்லை, மூன்றிலும் நிற்கவில்லை. நான்கில் நின்றது. அகராதி படியேறிப் போய், கேக் கடையின் உள்ளே ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்து, மெனு அட்டையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள்.

சிரிப்பு ஜன்னலோரம் ஒற்றை மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காப்பி, ஒரு துண்டு கேக். காலணியைக் கழற்றிவிட்டுக் கால்களை எதிர் நாற்காலியின் கம்பியில் வைத்துக்கொண்டாள். ஃபோனை எடுக்கவில்லை. கீழே பேருந்துகள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் குடையோடு போராடியதைப் பார்த்து ஒருமுறை தனக்குத்தானே சிரித்தாள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தவள், ஐம்பது நிமிஷம் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. யாரும் வருவதற்கான அடையாளமும் இல்லை. பிறகு காலணியை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அகராதிக்கு ஏமாற்றமாக இருந்தது. அவள் எதிர்பார்த்தது ஓர் ஆள். பார்த்தது ஒன்றுமே இல்லை. சிரிப்புக்கு முன்னால் வீடு சேர ஆட்டோ பிடித்து வரும் வழியெல்லாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். 'தனியாத்தான் இருந்தாடா.' சொன்னால் இன்றோடு முடிந்தது. அவன் கண்ணிமையை அழித்துவிடுவான், அந்த அறையில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கும். 'தனியா இருந்த மாதிரிதான் தெரிஞ்சுது.' இது கொஞ்சம் வேறு. 'தனியாத்தான் இருந்தா, ஆனா யாரையோ எதிர்பாத்த மாதிரி.' இதில் பொய் வந்துவிடுகிறது. அகராதிக்குப் பொய் சொல்வதில் விருப்பமில்லை. அது திறமை இல்லாதவர்களின் வேலை.

தம்பி வாசலிலேயே காத்திருந்தான். "என்னக்கா?"

"கேக் கடையிலதான் உக்காந்திருந்தா. நான் பாத்த வரைக்கும் தனியாத்தான் இருந்தா."

அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த மூன்று சொல்லும் போய்த் தைத்துவிட்டது தெரிந்தது.

"நீ பாத்த வரைக்கும்னா?"

"நான் பாத்ததைத்தானே சொல்ல முடியும்? பாக்காததை எப்படிச் சொல்றது?"

அப்புறம் அவள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. தம்பியே எல்லாம் செய்தான். சிரிப்பு வந்ததும், "எங்க போயிருந்த?" என்றான். "ஆஸ்பத்திரி" என்று வாய் தவறிப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். ஃபோனை நீட்டிப் புள்ளியைக் காட்டினான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"காப்பி குடிக்கப் போவேங்க. சும்மா. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன்."

"யாரு கூட?"

"யாரு கூடவும் இல்ல."

"ஒருத்தி தனியா போய் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பாளா? அதுக்கு எதுக்குப் பொய் சொல்லணும்?"

"சொன்னா 'ஏன் வீட்ல உக்கார முடியாதா'ன்னு கேப்பீங்கல்ல? அதான்."

இது உண்மை. உண்மையாக இருந்ததுதான் அதன் குறை. நம்புகிற மாதிரி இல்லை. அன்று முதல்முறையாக அவன் கை நீட்டினான். அடுத்த அறையில் அகராதி பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. உதறியதையே இன்னொரு முறை உதறினாள்.

மறுநாள் அவன் ஆஸ்பத்திரிக்கே போனான். காத்திருந்த நோயாளிகள் முன்னால், வியாழக்கிழமை எத்தனை மணிக்கு அவள் கிளம்புகிறாள், யாரோடு கிளம்புகிறாள் என்று டாக்டரையே நிற்கவைத்துக் கேட்டான். டாக்டர் நல்லவர்தான். ஆனாலும் தன் பெயர் இதில் அடிபடுவதை விரும்பவில்லை. "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா, எல்லாம் சரியானதும் பாக்கலாம்" என்று சிரிப்பிடம் சொல்லி அனுப்பினார். அதற்குப் பொருள் இனி வராதே என்பது. ஃபோனை அவன் பிடுங்கிக்கொண்டான். வேலைக்குக் கிளம்பும்போது வாசல் கதவை வெளியே பூட்ட ஆரம்பித்தான். இன்னொரு சாவி அகராதியின் கைப்பையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "அவளுக்கு உடம்பு முடியல, யாராவது தட்டினா எழுந்து வரவேண்டாமேன்னு" என்றாள். அதற்கு இன்னும் மூன்று விதமான பதில் தயாராக இருந்தது. யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் சிரிப்பு என்ற பெயரைத் தம்பி விட்டுவிட்டான். 'ஏய்' என்று கூப்பிட்டான். அவளும் சத்தமில்லாமல் வளைய வந்தாள். சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள். ஒரு நாள் மாலை அகராதி வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தபோது, கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னைக்கு நீங்க அந்தக் கடையில இருந்தீங்கல்ல? தூணுக்குப் பக்கத்துல. ஜன்னல் கண்ணாடியில உங்களப் பாத்தேன்."

அகராதி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். 

"கூப்பிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், நீங்களும் என்ன மாதிரி கொஞ்ச நேரம் தனியா உக்காரலாம்னு வந்திருக்கீங்க போல, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சு." கழன்று கிடந்த செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.  "கடைசி வரைக்கும் இருந்தீங்க. யாரும் வரலைன்னு உங்களுக்குத் தெரியும். அவர்கிட்ட அதை மட்டும் சொல்லுங்க அண்ணி. வேற எதுவும் வேண்டாம்."

"'தனியாத்தான் இருந்தா'ன்னு நான் சொல்லியாச்சேம்மா. அவன் நம்பாததுக்கு நான் என்ன செய்ய?"

"எப்படிச் சொன்னீங்க?"

"எப்படிச் சொன்னா என்ன? எல்லாம் ஒண்ணுதான்."

சிரிப்பு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்ணி, உங்களுக்கா எல்லாம் ஒண்ணு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அகராதி கதவை உள்ளே தாழிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டாள்.  டீ போட்டுக் குடித்தாள்.

சிரிப்பின் அக்கா வேறு ஊரில் தையல் கடை வைத்திருந்தாள். ஒரு மாதமாகத் தங்கை ஃபோனை எடுக்காததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தெருவில் நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. நாலு வீடு கேட்கிற மாதிரி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "என் தங்கச்சிய வெளிய விடு." அதை மாற்றிச் சொல்லவே இல்லை. பத்து நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. தம்பி கதவைத் திறந்தான். சிரிப்பு ஒரு பையோடு இறங்கிப் போனாள். அகராதி மேலே நின்று, "ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்தணுமா? உக்காந்து பேசித் தீக்கக் கூடாதா?" என்றாள். தையற்காரி அண்ணாந்து பார்த்தாள். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க எங்களால ஆவாதும்மா" என்றாள்.

அந்த நாட்களில்தான் அகராதிக்குச் சம்பளம் உயர்ந்தது. கண்ணிமை நன்றாக விற்றது. வெள்ளை ஷூ வந்து எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். "மேடம் வார்த்தையைப் படிச்சா எனக்கே ஒண்ணு வாங்கணும்னு தோணுது" என்றார். அவள் எழுதிய வரி ஒன்றைப் பேருந்துகளின் முதுகில் ஒட்டியிருந்தார்கள். அலுவலகத்துக்குப் போகும்போது சில நாள் அதற்குப் பின்னாலேயே இவள் பேருந்து போகும்.

நான்கு மாதம் ஆகியிருக்கும். அந்த ஐந்து மாடிக் கட்டடத்து லிஃப்ட், பழைய கம்பெனியிடமிருந்து தம்பியின் கம்பெனிக்குக் கைமாறியது. சாமான் பெட்டியோடு நான்காவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கேக் கடைக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். பேச்சுவாக்கில் அவனுடைய ஃபோனில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டார்.

"அட, வியாழக்கிழமை மேடம்! உங்க வீட்டம்மாவா? ஏன் வர்றதே இல்ல?"

தம்பி டீயைக் கீழே வைத்தான். "யார் கூட வருவாங்க?"

"யாரு கூட வந்தாங்க? ரெண்டு வருஷமா தனியாத்தான். அதோ அந்த மேசை. ஒரு நாள் எங்க பையன் பேச்சுக் குடுத்தான். 'தம்பி, தப்பா நெனச்சுக்காத, பேசாம இருக்கத்தான் இங்க வரேன்'னு சிரிச்சாங்க. நாங்களும் விட்டுட்டோம்."

அன்று அவன் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். அகராதி வேலையிலிருந்து வரும்வரை கூடத்தில் கிரீஸ் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னான். சொல்லிவிட்டுக் கேட்டான்.

"நீ அன்னைக்கு எவ்வளவு நேரம் அங்க இருந்தக்கா?"

"இருந்தேன், கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம்னா? அவ வந்ததுலேர்ந்து போற வரைக்குமா?"

அவளால் சட்டென்று ஒரு சொல் எடுக்க முடியவில்லை. "ஆமா" என்றாள்.

"அப்புறம் எதுக்குக்கா 'நான் பாத்த வரைக்கும்'னு சொன்ன?"

"'தனியாத்தான் இருந்தா'ன்னு சொன்னேனா இல்லையா? நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா காட்டு. கை நீட்டினது நீ. பூட்டினது நீ. பழியை மட்டும் என் தலையில போடற."

"ஆமா, நான்தான்" என்றான். "நான்தான் செஞ்சேன். அதை நான் போய் அவ கால்ல விழுந்து சொல்லுவேன். நீ செஞ்சதுக்குத்தான் பேரே இல்ல."

அவன் தையற்காரி ஊருக்குப் போனான். சிரிப்பு அவனை வாசலோடு நிறுத்திப் பேசினாள். வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். திட்டவில்லை. திரும்பி வரவும் மாட்டேன் என்றாள். "நீங்க கேட்டதெல்லாம் 'யாரு கூட'ன்னுதான். ஒரு நாள்கூட 'ஏன்'னு கேக்கல. கேட்டிருந்தா உங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்." அவன் மூன்று முறை போனான். நான்காவது முறை தையற்காரி கதவைத் திறக்கவில்லை. வந்தவன், தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு, லிஃப்ட் கம்பெனியின் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போய்விட்டான். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு அறை வீட்டில் அகராதி தனியாக இருந்தாள். கொஞ்ச நாள் இரண்டு பேருக்குச் சமைத்தாள். பிறகு ஒருத்திக்குச் சமைக்கப் பழகினாள்.

மழை மறுபடி தொடங்கிய நாட்களில் ஒரு மதியம், மேசையில் வேலை எதுவும் இல்லாதபோது, அவள் சிரிப்புக்கு ஒரு செய்தி எழுத உட்கார்ந்தாள். அவளுடைய புது எண்ணைப் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கியிருந்தாள். எழுதினாள், அழித்தாள், வேறு மாதிரி எழுதினாள். 'நடந்ததற்கு வருந்துகிறேன்' என்று ஒன்று. 'யாரும் வேண்டுமென்று செய்யவில்லை' என்று ஒன்று. 'என்னையும் மீறி' என்று ஒன்று. கடைசியில் பேச்சுவழக்கிலேயே ஒன்று எழுதி, இதுதான் மனதிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று தோன்றி, அனுப்பினாள்: 'நான் ஏதாவது தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சுக்கம்மா.'

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

'நீங்க தப்பா எதுவுமே சொல்லலையே அண்ணி.'

அவள் அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். முதலாளி புதிய தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. பதிலுக்கு ஒரு வரி எழுதி அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. மறுபடி அனுப்பினாள். சிரிப்பு அதற்குள் இவள் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தாள்.